துவக்கும் சட்டமும் கமக்காரனும்

(வன்னிப் பெருநிலத்துக் கமக்காரரும் நகரத்து உத்தியோகத்தரும் ஒருங்கு கூடிய கூட்டமொன்றிலே சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் முழு வடிவம்.)



இக்கூட்டத்துக்கு எம்மை அழைத்த பெரியவர்கள் தமது கேள்வியை முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தார்கள். "பன்றியும் குரங்கும் பயிரை அழிக்கின்றன. இரவிலே திருடர் பயம். நாளைக்கு நாட்டிலே குழப்பம் ஏற்பட்டால் எம்மைக் காப்பவர் யார் என்ற ஏக்கமும் உண்டு. நாங்கள் எந்தத் துவக்கை வாங்கலாம்? எப்பொழுது சுடலாம்?" என்பதே அக்கேள்வி.

கேள்வி நேர்மையானது. அதைக் கேட்பதற்கு எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆயினும், கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு முதலில் விடை சொல்லவே நாம் விரும்புகின்றோம். எப்பொழுது சுடலாம் என்பதை அறியாதவன் கையிலே எந்தத் துவக்கும் நல்ல துவக்கு அன்று. அவனுக்கு அது காவலும் அன்று. சிறைக்கு அவனை இட்டுச் செல்லும் வாகனமே அது.

உயிரைக் காக்கும் உரிமையைச் சட்டம் எமக்கு மறுக்கவில்லை. மெக்காலே வகுத்த இந்தியத் தண்டனைச் சட்டம் 1860ஆம் ஆண்டிலே பிறந்தது. அதனை ஒட்டி இலங்கையிலே 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகத் தண்டனைச் சட்டக்கோவை இயற்றப்பட்டது. அதன் 89ஆம் பிரிவு தொடக்கம் 99ஆம் பிரிவு வரையுள்ள பதினொரு பிரிவுகளும் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. தற்காப்பு உரிமையின்படி செய்யப்படும் எதுவும் குற்றமன்று என்று 89ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகின்றது. தன் உடலை மட்டுமன்றிப் பிறர் உடலையும், தன் பொருளை மட்டுமன்றிப் பிறர் பொருளையும் காக்கும் உரிமையை 90ஆம் பிரிவு வழங்குகின்றது. அயலவர் வீட்டிலே அபயக்குரல் கேட்டு ஓடிச்செல்பவனையும் சட்டம் கைவிடவில்லை.

ஆனால் உரிமைக்கு வேலி உண்டு. அவ்வேலியை 92ஆம் பிரிவு இடுகின்றது. அதிகாரிகளின் பாதுகாப்பை நாடுவதற்கு நேரம் இருக்குமாயின் தற்காப்பு உரிமை இல்லை. காப்பதற்கு எவ்வளவு வேண்டுமோ அதற்கு மேற்பட்ட தீங்கைச் செய்யவும் உரிமை இல்லை. இவ்விரண்டு வாக்கியங்களையும் நெஞ்சிலே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றங்களிலே கண்ணீர் வடிக்கும் குடும்பங்களிற் பல, இவ்விரண்டையும் அறியாமையால் அங்கு வந்தவை.

எதிரியின் உயிர் போகும்வரை செல்லக்கூடிய உரிமை எப்பொழுது உண்டு? உடலைப் பொறுத்தவரை 93ஆம் பிரிவு ஆறு சந்தர்ப்பங்களை எண்ணிக் கூறுகின்றது. மரணம் நேரும் அல்லது கொடுங்காயம் நேரும் என்று நியாயமாக அஞ்சத்தக்க தாக்குதல், பாலியல் வன்முறை, ஆட்கடத்தல், உதவி நாட வழியின்றி அடைத்து வைத்தல் என்பன அவற்றுள் அடங்கும். பொருளைப் பொறுத்தவரை 96ஆம் பிரிவு நான்கைக் கூறுகின்றது: கொள்ளை; இரவிலே வீடுடைத்தல்; மனிதர் வாழும் அல்லது பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்குத் தீ வைத்தல்; உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்சவேண்டிய நிலையிலே நிகழும் களவு, நாசஞ்செய்தல், வீட்டினுள் அத்துமீறல். இவற்றுக்கு வெளியே உயிரைப் பறிக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

சட்டத்தின் வாசகத்தை வயலுக்குக் கொண்டு வருவோம். நள்ளிரவிலே அலவாங்கினாற் கதவை நெம்பி ஒருவன் உள்ளே நுழைகின்றான். பிள்ளைகள் உள்ளே உறங்குகின்றனர். இங்கே சட்டம் உங்கள் பக்கம் நிற்கின்றது. அதே மனிதன் உங்கள் குரலைக் கேட்டுத் திரும்பி ஓடி, வேலியைத் தாண்டும்பொழுது அவன் முதுகிலே சுட்டீர்களாயின், சட்டம் உங்களை விட்டு விலகிவிடுகின்றது. அவன் நுழைவு முடிந்தது, அச்சம் நீங்கியது, அதன்பின் எழுந்தது கோபமே. கோபத்துக்குத் தற்காப்பு என்று பெயரில்லை.

பட்டப்பகலிலே ஒருவன் வாழைக்குலையை வெட்டுகின்றான், அல்லது ஆட்டை அவிழ்க்கின்றான். அவனைத் தடுக்கலாம், பிடிக்கலாம், பொலிசாரிடம் ஒப்படைக்கலாம். உயிரைக் கொல்ல முடியாது. வாழைக்குலையின் விலை ஒரு மனித உயிர் அன்று என்பது சட்டம் மட்டுமன்று, எம் பெரியோர் கொண்ட அறமும் அதுவே.

எல்லைக்காணிக்காரன் மண்வெட்டியுடன் வந்து உங்கள் வரம்பை வெட்டுகின்றான். பரம்பரைப் பகை, இரத்தம் கொதிக்கும். ஆனால் இங்கே அதிகாரிகளை நாட நேரம் இருக்கின்றது. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காணிப் பிணக்கினாலே சமாதானக் குலைவு ஏற்படும் என்று அஞ்சப்படும் இடத்தில் நீதிமன்றை விரைவில் நாடுவதற்காகவே இயற்றப்பட்டது. வரம்புச் சண்டைக்குத் துவக்கைத் தூக்கியவன் காணியையும் இழப்பான், காலத்தையும் இழப்பான்.

இன்னுமொன்று. தற்காப்பு என்று சொல்லிவிட்டாற் போதும், மற்றதை அரசதரப்பு நிரூபிக்கட்டும் என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி, விதிவிலக்கைக் கோருபவனே அதனை நிலைநாட்ட வேண்டும். நியாயமான ஐயத்துக்கு அப்பால் அவன் நிரூபிக்க வேண்டியதில்லை. நிகழ்தகவின் தராசு தன் பக்கம் சாய்வதாகக் காட்டினாற் போதும் என்பது 1942ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் சந்திரசேகர வழக்கில் எடுத்துரைக்கப்பட்ட விதி. நல்லெண்ணத்தோடு எல்லையை மீறியவனுக்கு, கொலைக்குற்றம் மரணம் விளைவித்த குற்றமாகக் குறையலாம். குறையும், மறையாது. பல ஆண்டுச் சிறை அப்பொழுதும் காத்திருக்கும்.

இனி, எந்தத் துவக்கு என்ற கேள்விக்கு வருவோம்.

துப்பாக்கிகள் பற்றிய 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே பல திருத்தங்களுடன் இன்றும் எம்மை ஆள்கின்றது. உத்தரவுப்பத்திரம் இன்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றம். பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கு மாவட்டச் செயலகத்தையும், தற்காப்புக்குப் பாதுகாப்பு அமைச்சையும் நாட வேண்டும். தற்காப்புக்கென ஒரு முறை கிடைத்தது என்றென்றும் உரியது என்று எவரும் எண்ண வேண்டாம். அவ்வாறு வழங்கிய துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு 2024ஆம் ஆண்டின் இறுதியிலே பாதுகாப்பு அமைச்சு கேட்டதை நீங்கள் அறிவீர்கள். உத்தரவுப்பத்திரம் ஆளுக்கு உரியது. அயலவருக்கு இரவல் கொடுக்கும் பொருளன்று. தந்தை இறந்ததும் தானாக மகனுக்குச் சேரும் முதுசமும் அன்று.

இவற்றை மனத்திற் கொண்டு பார்த்தால், கமக்காரனுக்கு ஏற்றது பன்னிரண்டாம் இலக்கச் சிறுகுண்டுத் துவக்கே என்பது எமது கருத்து. ஒரு றாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அவற்றுள் ஒன்று எந்தக் குழலிலே பொருந்துமோ அதுவே பன்னிரண்டாம் இலக்கக் குழல். ஆகவே இருபதாம் இலக்கக் குழல் அதனிலும் ஒடுங்கியது. குண்டின் இலக்கமும் அவ்வாறே: இலக்கம் கூடக்கூடக் குண்டு சிறுக்கும்.

சிறுகுண்டுத் துவக்கை நாம் விதந்துரைப்பதற்குக் காரணம் அதன் வலிமையன்று, அதன் எல்லை. ஏறத்தாழ நாற்பது யாருக்கு அப்பால் அதன் குண்டுகள் பரந்து வலுவிழக்கின்றன. அதற்கு அப்பாலும் கண்ணைக் கெடுக்கும், காயப்படுத்தும் என்பது உண்மையே. ஆயினும் றைபிளின் குண்டு ஒரு மைலுக்கு அப்பாலும் உயிரைக் குடிக்கவல்லது. எமது கிராமங்களிலே வயலுக்கு அடுத்துக் குடிமனை. குடிமனைக்கு அடுத்துப் பாடசாலை. இங்கே றைபிளுக்கு வேலையில்லை. கைத்துப்பாக்கியோ நெடுநாட் பயிற்சியின்றிக் குறி தவறும். மறைப்பதற்கு எளிது, ஆதலாற் களவு போவதற்கும் எளிது. தானியங்கித் துப்பாக்கியைப் பற்றி ஒரு சொல்லே போதும்: 1996ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்துக்குப் பின்னர், அது ஆயுட்காலச் சிறை.

ஒற்றைக்குழலா, இரட்டைக்குழலா? மடித்துத் திறக்கும் ஒற்றைக்குழல் எளிமையானது, இலேசானது, தோட்டா உள்ளதா இல்லையா என்பதைத் திறந்தவுடன் கண்ணாற் காணலாம். இரட்டைக்குழல் இரண்டாம் வெடிக்கு உடனே உதவும். விலையும் பாரமும் கூடும். பயிர்க்காவலுக்கு ஒற்றைக்குழல் போதும். எதை எடுப்பினும், பின்கட்டை தோளிலே சரியாகப் பொருந்துகின்றதா என்று பாருங்கள். பொருந்தாத கட்டை தோளை இடிக்கும். இடிக்கு அஞ்சுபவன் கண்ணை மூடுவான். கண்ணை மூடியவன் குறி தவறுவான்.

இடியன் துவக்கைப் பாட்டன் காலப் பெருமை என்று சிலர் போற்றுகின்றனர். வாய்வழி மருந்து இடிக்கும் அத்துவக்கைச் சுடாமல் வெறுமையாக்குதல் இலகுவன்று. மாரிகாலத்து ஈரத்திலே மருந்து பிடிக்காது. சில வேளை பிந்திப் பிடிக்கும். வெடிக்கவில்லை என்று குழலுக்குள் எட்டிப் பார்ப்பவன் முகத்திலேயே அது வெடிக்கலாம். எத்துவக்காயினும் வெடி பிந்தினால், வாயை ஆளில்லாத் திசைக்குப் பிடித்தபடி ஒரு நிமிடமாவது பொறுத்திருங்கள்.

பழைய துவக்கை வாங்குவோருக்கு மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, பழைய ஆங்கிலத் துவக்குகள் சிலவற்றின் தோட்டா அறை இரண்டரை அங்குலம் கொண்டது; இன்றைய இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டா அதற்கு உரியதன்று; அழுத்தம் அளவுமீறும். இரண்டாவது, பன்னிரண்டாம் இலக்கத் துவக்குள்ள வீட்டிலே இருபதாம் இலக்கத் தோட்டா இருக்கலாகாது. அவசரத்தில் அதைப் போட்டால் அது வழுகிக் குழலின் நடுவிலே தங்கும். வெறுமை என்று எண்ணிப் பின்னால் மற்றத் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் பிளந்து கை போகும். மூன்றாவது, வரம்பிலே ஊன்றிய துவக்கின் வாயிற் சேறு அடைத்திருக்கக்கூடும்; தோட்டா இடுமுன் குழலை ஊடறுத்துப் பாருங்கள்.

இனி நாம் சொல்லப்போவது கசப்பானது. கட்டுத்துவக்கு!

வன்னியிலே ஒரு கமக்காரர் பன்றிக்கென்று பாதையோரம் கட்டுத்துவக்குக் கட்டினார். உழைப்பாளி, எவருக்கும் தீங்கு நினையாதவர். விடியற்புறம் தண்ணீர் பார்க்க அவ்வழியே வந்தவன் அவருடைய தமையனின் மகன். அவன் முழங்காலுக்குக் கீழே இழந்தான். வழக்கிலே அவருக்காக நாம் தோன்றினோம். "பன்றிக்குத்தானே கட்டினேன், ஐயா" என்று அவர் எம்மிடம் பலமுறை சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எம்மிடம் வாதம் இருக்கவில்லை. தற்காப்பு என்பது அச்சத்தின் மீது எழும் உரிமை. கம்பியிற் கட்டிய துவக்குக்கு அச்சமும் இல்லை, கண்ணும் இல்லை. பன்றி எது, பிள்ளை எது என்று அது அறியாது. சட்டமும் அதனை அனுமதியாது. எந்த அதிகாரியும் அதற்கு உத்தரவு தரமாட்டார். இக்கூட்டத்தில் உள்ள எவரேனும் அதனைக் கட்டியிருப்பின், இன்றிரவே அவிழ்த்துவிடும்படி கைகூப்பி வேண்டுகின்றோம்.

யானையைப் பற்றியும் ஒரு சொல். ஒரே இரவில் ஒரு போகத்து உழைப்பை அது மிதித்து அழிப்பதை நாம் அறிவோம். ஆயினும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. சிறுகுண்டு அதனைக் கொல்லாது, சினமூட்டிக் காயப்படுத்தும். காயம்பட்ட யானை அடுத்துக் காணும் மனிதனை விடாது. யானைவெடியும், காவற்பரணும், ஊர் கூடி இடும் மின்வேலியுமே அதற்கு வழி.

போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்திலே முடிந்தது. அதன் எச்சங்கள் எம் நிலத்திலே இன்றும் அகப்படுகின்றன. உழும்பொழுது துப்பாக்கியோ குண்டோ கிடைத்தாற் கையால் தொடாதீர்கள்; "அவசரத்துக்கு உதவும்" என்று வீட்டிலே ஒளிக்காதீர்கள். அடையாளமிட்டு விலகிப் பொலிசாருக்கு அறிவியுங்கள். ஒளித்து வைத்த ஒன்றிலிருந்து ஒரு குடும்பம் முழுவதும் அழியலாம்.

உத்தரவுடன் வைத்திருக்கும் துவக்கையும் கதவு மூலையிலே சாத்தி வைக்கலாகாது. துவக்கு ஒரு பூட்டுக்குள், தோட்டா வேறொரு பூட்டுக்குள் இருத்தல் வேண்டும். வீட்டுத் துவக்கு வெளியார்மீது பாய்வதற்கு முன் வீட்டார்மீது பாய்கின்றது என்பது கற்பனையன்று. 1992, 1993ஆம் ஆண்டுகளிலே அமெரிக்க மருத்துவர் ஆதர் கெல்லர்மனும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வுகள், துப்பாக்கி உள்ள வீடுகளிலே தற்கொலைக்கும் கொலைக்கும் உள்ள ஆபத்து மிகுவதைக் காட்டின. கடன்சுமையும் மனச்சோர்வும் குடிப்பழக்கமும் உள்ள வீட்டிலே துவக்கு இருத்தலே ஆகாது. அப்படி ஒரு காலம் வீட்டுக்கு வந்தால், துவக்கைப் பொலிசாரிடம் ஒப்படைத்தல் கோழைத்தனமன்று. குடும்பத் தலைவனின் கடமை.

இறுதியாக, உங்கள் கேள்வியின் அடியிலே கிடக்கும் கேள்விக்கு வருகின்றோம். "குழப்பம் வந்தால்?" 1958, 1977, 1983 என்று ஆண்டுகளைச் சொன்னாலே போதும், இம்மண்டபத்தில் உள்ள முதியோர் கண்கள் கலங்கும். அன்று கையிலே துவக்கு இருந்திருந்தால் என்ற எண்ணம் எழுவது இயல்பு. கும்பலுக்கு எதிராகவும் சட்டம் தற்காப்பு உரிமையைத் தருகின்றது. 99ஆம் பிரிவு அதனைச் சொல்கின்றது. ஆனால் உரிமை வேறு, பலன் வேறு. நூற்றுக்கணக்கானோர் சூழ்ந்த வீட்டிலே ஒற்றைக்குழல் ஒரு முறை முழங்கும். அதன்பின்? அன்று உயிர் தப்பியோரிற் பலர், சிங்கள அயலவர் தம் வீட்டிலே ஒளித்து வைத்ததால் தப்பினார்கள் என்பதை மறந்துவிடலாகாது. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது, கிளர்ச்சியாளர் தெற்கிலே வீடு வீடாகச் சென்று உத்தரவுத் துவக்குகளைப் பறித்தார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். குழப்ப காலத்திலே துவக்குள்ள வீடு பாதுகாப்பான வீடன்று. ஆயுதம் தேடுவோரின் முதல் இலக்கு அதுவே.

அவசரகாலம் என்பது கலவரம் மட்டுமா? 1978ஆம் ஆண்டு நவம்பரிலே மட்டக்களப்பைச் சூறாவளி அழித்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல் எழுந்தது. காற்றையும் கடலையும் எவன் சுட்டான்? உயிரோடு தப்பியும் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் இழந்து, ஆண்டுக்கணக்காக அலுவலகப் படிகளிலே ஏறி இறங்கியோரை நாம் அறிவோம். உறுதி, சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை நீர் புகாத உறையிலிட்டு எடுத்துக்கொண்டு ஓடத்தக்க இடத்திலே வையுங்கள். பிரதிகளை வேறோர் ஊரிலுள்ள உறவினரிடமும் வையுங்கள். சில நாளுக்கான குடிநீர், உலர் உணவு, மருந்து, கைவிளக்கு, சிறு வானொலி ஆகியவை ஆயத்தமாக இருக்கட்டும். பொலிசுக்கு 119, நோயாளர் வண்டிக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்பதைச் சிறு பிள்ளையும் அறிந்திருக்கட்டும். ஒழுங்கைக்கு ஒரு காவல் முறை, ஒரு மணியோசை, முதியோரையும் கர்ப்பிணிகளையும் அழைத்துச் செல்வது யார் என்ற தீர்மானம், இவையே ஊரின் கோட்டை.

ஆகவே சகோதரர்களே, பயிரைக் காக்க வேண்டின், சட்டப்படி விண்ணப்பித்து, உங்களுக்குப் பொருந்திய ஒற்றைக்குழலொன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பூட்டி வையுங்கள். ஆண்டுதோறும் பத்திரத்தைப் புதுப்பியுங்கள். சுடுமுன் இலக்கையும் அதற்கு அப்பால் நிற்பதையும் பாருங்கள். வீட்டைக் காக்க வேண்டின், நல்ல கதவும், விளக்கும், குரைக்கும் நாயும், குரல் கொடுத்தால் ஓடிவரும் அயலவனும் உங்களுக்கு முதலில் வேண்டும். ஊரைக் காக்க வேண்டின், ஒற்றுமையை விட மேலான படைக்கலம் ஒன்றும் இல்லை.

அந்தத் தமையன் மகன் இன்று ஊன்றுகோலுடன் வயலுக்கு வருகின்றான். அவனுடைய சிறியதந்தையே அவனைக் கைபிடித்து வரம்பிலே நடத்துகின்றார். இனி எந்தச் சிறியதந்தைக்கும் அந்தக் கதி வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவும் பேசினோம்.